கொழுந்துச் சாக்கில் போன ராசு

ராசுவுக்கு அந்த மரக்கறிப் பாத்தி ஒரு கக்கூஸ். இதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. சர்மிளா மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, சாணித்தூள் கலந்து, கட்டியெல்லாம் கையாலேயே உதிர்த்து, கரட் விதையைத் தூவிவிட்டு உள்ளே போவாள். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ராசு நட்டநடுப் பாத்தியில் குழி பறித்து, வந்த காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி ஒழுங்காக மூடியும் வைத்திருக்கும். அந்த ஒழுங்குதான் அவளுக்கு அதிக எரிச்சலைக் கொடுத்தது. அசிங்கம் பண்ணிவிட்டு ஓடினால்கூடப் பரவாயில்லை. இது முடித்த வேலையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, வேலிப்பக்கம் போய் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

ராசு, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் காளியாயியின் கடுவன் பூனை. சாம்பல் நிறம், பெரிய தலை, கிழிந்த ஒரு காது. காளியாயிக்கு மகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் கொழும்பில் குடும்பமாகிவிட்டார்கள். அவள் பேச்சுக்கெல்லாம் இப்போது ராசுதான் பதில். தொழிலாளர் அறைகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அதனால் காளியாயி பூனையோடு பேசுவது முழுக்கச் சர்மிளாவின் காதில் விழும். "மீனு இல்லன்னா மொறைக்காதடா. நா மட்டும் என்னா, கோழியா திங்கிறேன்?" என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். சர்மிளா சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷமே விதை போன பாத்தியை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

வட்டவளைக்குக் கீழே இருக்கிற அந்தத் தோட்டத்தில், சர்மிளாவுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள லயத்தின் பின்னால் இருந்த அந்த நாலு பாத்திதான் உண்டு. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவளாகப் பேர் பதிந்திருந்தால்தான் காம்பரா. காம்பரா இருந்தால்தான் அதன் பின்னாலுள்ள பாத்தி. புருஷன் யோகேஸ்வரன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வந்து போவான். ஆக, பேர் அவள் ஒருத்தியுடையது. கொழுந்தை விட்டுவிட்டு மரக்கறியை நம்பினால் நிம்மதியாகப் பிழைக்கலாம் என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் கொழுந்தை விட்டால் பேர் போகும், பேர் போனால் பாத்தியும் போகும். எந்தப் பக்கம் சுற்றினாலும் முளைக்குச்சியில் கட்டின மாடு மாதிரி அதே இடத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

அந்தப் பேருக்கும் போன தீபாவளியில் ஆபத்து வந்தது. லீவில் வந்த யோகேஸ்வரன், காட்டுப்பன்றி கிழங்கைக் கிளறுகிறது என்று வேலியோரம் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டான். பன்றி வரவில்லை. ஒரு மரைமான் குட்டி வந்து காலைக் கொடுத்தது. வனஜீவிக்காரர்கள் வந்து கம்பியை வெட்டி அதைக் கொண்டுபோனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தோட்டத்துத் தொரை சர்மிளாவைத்தான் ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரன் தொரை சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "இன்னொரு கம்ப்ளேன், அது வேலியில வரட்டும், மலையில வரட்டும், ஒம் பேர வெட்டிருவாங்க. தெரிஞ்சிக்க."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் அந்தச் சொல்தான். வேலிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியைக் கூட அவள் விட்டு வைக்கவில்லை. பன்றிக்கு, சலூனிலிருந்து மயிரை அள்ளி வந்து வேலியோரம் தூவினாள். முள்ளம்பன்றிக்குப் பழைய தகரத்தை மண்ணில் இறக்கினாள். குரங்குக்கு, பாட்டு ஓடாத சீடீக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். பன்றி அடங்கியது, குரங்கும் வேறு லயம் பார்த்துப் போனது. ராசு மட்டும் எதற்கும் அசையவில்லை. தோடம்பழத் தோலைப் போட்டாள், அதைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தது. நீலத்தண்ணீர் போத்தலை வைத்தாள், அதில் முதுகைத் தேய்த்தது. கடைசியில், கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி வந்து, பூனை குந்த இடமில்லாதபடி பாத்தி முழுக்கச் சாண் இடைவெளியில் நட்டு வைத்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாற்று முளைத்த இடத்தில் ஐந்தாறு குச்சியைப் பிடுங்க வேண்டி வந்தது. எந்தக் குச்சியைப் பிடுங்கினாள் என்பது ராசுவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

காளியாயியிடம் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, ஒங்க ராசுவ கொஞ்சம் கட்டி வையுங்களேன்."

"கட்டிப்போட அது என்னா ஆடா? அதுவாவது இஷ்டத்துக்குச் சுத்தட்டும் புள்ள" என்றாள் காளியாயி.

வழி சொன்னது வேலாயி. சர்மிளாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள், ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுகிறவள். "பூனைய அடிச்சா ஏழு ஜென்மத்துக்குப் பாவம். சாக்குல போட்டு மூணு சுத்து சுத்தி, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுரு. தண்ணிய தாண்டுன பூன திரும்பாது. அங்கிட்டு லயத்துல யாராச்சும் சோறு போடுவாங்க. அதுக்கும் நோவில்ல, ஒனக்கும் நோவில்ல" என்றாள். சர்மிளாவுக்கு அது நியாயமாகப் பட்டது. காளியாயிக்கு நோகுமே என்ற எண்ணம் வந்தது. கரட் நாற்றை நினைத்து அதை அமுக்கிவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் கொழுந்து என்று கண்டாக்கு சொன்னதற்கு மறுநாள் காலை, கருவாட்டுத் தலை ஒன்றைக் காட்டி ராசுவை உள்ளே கூப்பிட்டாள். அது சந்தேகமே இல்லாமல் வந்தது. காற்றுப் போகிற கொழுந்துச் சாக்காகப் பார்த்து எடுத்து, தலையைப் போட்டு, பின்னாலேயே ராசுவையும் போட்டு, வாயைத் துணியால் கட்டினாள். மூன்று சுற்றுச் சுற்றும்போது அவளுக்கே தலை கிறுகிறுத்தது. உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்த பூனை கத்தாது, கல்லாகச் சமைந்துவிடும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மழைக்குப் போர்த்தும் பொலித்தீனைச் சாக்கின் மேல் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு நடந்தாள்.

பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிகிறவரை கூட்டத்தின் ஓரமாகவே நின்றாள். முடிந்ததும், எல்லாருக்கும் முன்னால் பாலத்தைத் தாண்டி, காட்டோரம் ஒதுங்கிச் சாக்கை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று வேகமாக நடந்தாள். பின்னால் ஒருத்தி ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"நில்லு புள்ள, நானும் வாறேன்." காளியாயி.

என்றைக்கும் கடைசியில் ஆடி அசைந்து வருகிறவள், அன்று சர்மிளாவின் தோளோடு தோளாக நடந்தாள். "காலையிலேருந்து ராசுவ காணோம் புள்ள. ஒம் பாத்திப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டாள். சர்மிளா இல்லையென்று தலையாட்டினாள். சாக்கு விலாவில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாலம் வந்தது, பாலம் போனது, காட்டோரமும் போனது. காளியாயி மழையைப் பற்றிப் பேசினாள், மகன் அனுப்பிய போனைப் பற்றிப் பேசினாள், ஒரு அடி தள்ளி நடக்கவில்லை. சர்மிளாவுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான். 'இந்த மனுசிக்கு இன்னைக்கா என்மேல பாசம் பொங்கணும்?' என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

மலைக்கு வந்ததும் வேறு வழியில்லாமல், ரோட்டோரம் ஒரு தேயிலைச் செடியின் அடியில், நிழலாகப் பார்த்துச் சாக்கை வைத்தாள். நிரையைப் பிடித்துக் கொழுந்து எடுக்கத் தொடங்கினாள். கை கொழுந்தில் இருந்தது, கண் ரோட்டோரத்தில் இருந்தது. நிறுவைக்கு எல்லாரும் இறங்கும்போது பின்தங்கி, ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிடலாம் என்று மனதைத் தேற்றினாள். காளியாயி மறுபக்கத்து நிரைதான். அவளும் அடிக்கடி ரோட்டுப் பக்கம் பார்ப்பது போலிருந்தது. தன் பயம்தான் அப்படிக் காட்டுகிறது என்று சர்மிளா நினைத்துக்கொண்டாள்.

மத்தியான நிறுவைக்குள் வானம் இருட்டிவிட்டது. "மழைக்கு முந்தி லொறிய ஏத்தணும், வாங்க வாங்க" என்று கீழே மடுவத்திலிருந்து கண்டாக்கு கஜேந்திரன் கத்தினார். மடுவம் என்பது நாலு தூணும் தகரக் கூரையுமாகக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. நிரையின் மறுகோடியில் இருந்த சர்மிளா எல்லாரையும் முன்னே விட்டு, செடியடிக்கு ஓடினாள். அங்கே சாக்கு இல்லை.

சரிவில் விழுந்து எழும்பி மடுவத்துக்கு வந்தாள். வேலாயி சிரித்த முகத்தோடு எதிரே வந்தாள். "நல்லாத்தான் இருக்கு ஒன் ஞாபகம்! ஒரு சாக்குக் கொழுந்த செடிக்கு அடியிலேயே போட்டுட்டு வாறியே. நாந்தான் தூக்கிட்டு வந்து ஒம் பேருல நிறுத்தேன். நாலர கிலோ."

"நிறுத்தாச்சா?"

"நிறுத்து, எழுதி, ஏத்தியுமாச்சு" என்றாள் வேலாயி. செய்த உபகாரத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. வழக்கமாகச் சாக்கைத் திறந்து, முற்றின இலை இருக்கிறதா என்று கைவிட்டுக் கிளறிப் பார்க்கிற கண்டாக்கு, அன்று மழை அவசரத்தில் பார்க்கவில்லை. ராசு கொக்கியில் தொங்கி, கொழுந்தாக நிறுக்கப்பட்டு, சர்மிளாவின் பேரில் ஏறிவிட்டது.

லொறியில் அதன் மேல் சாக்குக்கு மேல் சாக்காக விழுந்துகொண்டிருந்தது. மேலே நின்ற ஆள் காலால் மிதித்து அமுக்கினான். பெக்டரிக்குப் போய்ச் சேருமுன் இன்னும் இரண்டு மடுவத்தில் ஏற்றுவார்கள். அதுவரை அடியில் கிடக்கிற உயிர் தாங்காது.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. கொழுந்துச் சாக்கில் பூனையைக் கொண்டுவந்தாள், பூனையை நிறுத்துப் பேர் போட்டுக்கொண்டாள். இரண்டில் ஒன்று போதும். பேர் போகும், காம்பரா போகும், பாத்தி போகும். சும்மா இருந்துவிட்டால் ஒன்றும் இல்லை. சாக்கில் அவள் நம்பர் கிடையாது, எல்லாச் சாக்கையும் போல ஒரு சாக்கு. பெக்டரியில் யார் திறந்தாலும், யார் சாக்கு என்று கடவுளுக்கும் தெரியாது. லொறிக்கு இந்தப் பக்கம் காளியாயி நின்றாள். அவள் லொறியையே பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்திருந்தாள். கடைசிச் சாக்கும் ஏறியது. பின்பலகையைத் தூக்கிக் கொளுவினார்கள். டிரைவர் இஞ்சினை முடுக்கினான்.

"நிப்பாட்டுங்க!"

தன் குரல்தான் என்று சர்மிளாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை. லொறிக்கு முன்னால் போய் நின்றாள். "எறக்குங்க. அதுல ஒரு உசிர் இருக்கு. பூன இருக்கு. நாந்தான் கட்டிக்கிட்டு வந்தேன். எறக்குங்க!"

கஜேந்திரன் வாயைப் பிளந்தார். லொறிக்காரர்கள் திட்டிக்கொண்டே சாக்குகளை ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தார்கள். மழை பிடித்துவிட்டது. துணி கட்டின சாக்கு வந்ததும் சர்மிளா பாய்ந்து பிடித்தாள். நனைந்த முடிச்சு விரலுக்கு இளகவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். சாக்கு வாய் திறந்தது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ராசுவின் பெரிய தலை வெளியே வந்தது. அது தள்ளாடி எழுந்து, சுற்றி நின்ற கால்களையெல்லாம் பார்த்து, ஒரே பாய்ச்சலில் தேயிலைக்குள் புகுந்து மேல்பக்கம் காட்டை நோக்கி மறைந்தது. யாரோ சிரித்தார்கள்.

"ஐயா" என்றாள் கஜேந்திரனிடம். ஒளிக்க இனி எதுவும் இல்லாததால் குரல் தெளிவாக வந்தது. "பாத்திய நாசம் பண்ணுதுன்னு இந்தப் பக்கம் விடக் கொண்டாந்தேன். வேலாயிக்குத் தெரியாது, கொழுந்துன்னு நெனச்சு நிறுத்துருச்சு. குத்தம் என்னோடது. பேர வெட்டிருவீங்கன்னு தெரியும். வெட்டுங்க."

கஜேந்திரன் அவளைப் பார்த்தார். பிறகு குடைக்குள் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தார். "ஒம் பேரயா? வெட்டிட்டு நா எங்க போயி ஆளு தேடுறது? அறுவது பேரு நின்ன பெரட்டுல இப்ப இருவது தலைகூட இல்ல. வயசுப் புள்ளைக பூராவும் கார்மென்ஸுக்குப் போயிருச்சு. 'இருக்கிறவங்கள விட்டுறாத கஜேந்திரன்'னு தொரை தெனமும் என் உசிர வாங்குறாரு. பேர வெட்டுறதாம்!"

"அப்ப மரைக்குட்டி மாட்டுனப்ப சொன்னது?"

"அது சும்மா ஒரு மெரட்டு. பயம் இருந்தாத்தானே வேல ஓடும்?" என்றார், வெகு சாதாரணமாக. "அந்த நாலர கிலோவ கழிச்சுப்புடுறேன். பின்னேரம் கொறையாம எடுத்தா முழுப்பேரு, இல்லன்னா இன்னைக்கு அரைநாள் சம்பளம் போட்டு அரைப்பேருதான். ம், போங்க போங்க, நிரையில ஏறுங்க."

எல்லாரும் கலகலப்பாகக் கலைந்தார்கள். வேலாயி வந்து சர்மிளாவின் முதுகைத் தட்டி, "மாரியாத்தா காப்பாத்திட்டா, பேர் தப்பிச்சிருச்சு" என்றாள். சர்மிளாவுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகை என்று வேலாயி நினைத்துக்கொண்டு போனாள். தீபாவளியிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் மென்று விழுங்கின பயம், அந்த மனுசனுக்குச் சிரிப்பு. அது ஒன்றுமேயில்லாத பயம். அதற்காக ஒரு உயிரை மிதிபட விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மடுவத்தில் காளியாயி மட்டும் நின்றாள். முந்தானையை இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் காளியாயி. "செவுத்துக்கு மேல எல்லாந்தான் கேக்குதே. கருவாட காட்டி நீ கூப்பிட்டது, சாக்குல போட்டது, எல்லாம் கேட்டேன். எந்த எடத்துல விடுறன்னு பாத்து வெச்சுக்கிட்டா, சாயங்காலம் நா தூக்கிட்டு வந்துரலாம்னுதான் ஒங்கூடவே ஒட்டிக்கிட்டு வந்தேன்."

காளியாயி கூட வந்ததால்தான் சர்மிளாவால் பூனையை விட முடியவில்லை.

"லொறியில தூக்கிப் போட்டப்ப? அப்பயாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா!"

"எப்புடிச் சொல்லுவேன்?" என்றாள் காளியாயி. "சொன்னா ஒம் பேரு போயிரும்னு நெனச்சேன்டி. பேரு போனா நீ எங்க போவ? அவன் மேல ஏறி மிதிக்கிறான், எங் குலையே நடுங்குது. பூனையா, புள்ளையான்னு நின்னேன். புள்ளைன்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

மழை தகரத்தில் கொட்டியது. சர்மிளா அவளைக் கட்டிக்கொண்டாள். பெற்ற தாய்கூட இவ்வளவு செய்திருப்பாளா என்று தோன்றியது. கூடவே, கண்டாக்கின் சிரிப்பும் காதில் கேட்டது. அழுகை நின்றுபோய்க் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பயம் கலக்காத கோபம்.

அவள் முதுகிலிருந்த கொழுந்துச் சாக்கைக் கழற்றி மடுவத்துத் தூணோடு சாத்தி வைத்தாள். இடுப்பில் கட்டின படங்கையும் அவிழ்த்துப் போட்டாள். "வாங்கக்கா. கடுவன் தூரம் போயிருக்காது."

"மழையிலயா? நிரை கெடக்குது புள்ள."

"கெடக்கட்டும்."

இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறினார்கள். "ராசு, ராசு" என்று காளியாயி கூப்பிட்டாள். சர்மிளா முன்னால் போய்ச் செடிகளை விலக்கி வழி விட்டாள். செடிகளுக்கடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். கீழே நிரைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏய், எங்க போறீங்க ரெண்டு பேரும்?" கஜேந்திரனின் குரல் மழையைத் தாண்டி வந்தது. அதில் சிரிப்பு இல்லை. "சர்மிளா! ஏய் சர்மிளா!"

சர்மிளா திரும்பவில்லை.